ராத்திரி இரண்டு மணிக்கு டாப் அப்: ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து வெளியே வர ஒரு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கெடாவிலோ சிலாங்கூரிலோ இருப்பவருக்கு மருத்துவமனையின் பெயர் மாறும், மற்றபடி வழி ஒன்றுதான். வீட்டில் ஒருவர் போனில் சிலோட் (காசு வைத்துச் சக்கரம் சுழற்றும் சூதாட்டம்) ஆடுகிறார், காசு எங்கே போகிறது என்றே தெரியவில்லை என்று தவிப்பவருக்கும் இது பொருந்தும். ஆடுவது நீங்களேதான் என்றாலும் பொருந்தும்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயம் வெளியே வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் முதல் காரியம் கடனை அடைப்பது. மாமா கொஞ்சம் தருவார், அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போகும், யாரோ சீட்டு எடுத்துக் கொடுப்பார்கள். சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவார்கள். சில மாதத்தில் பழைய கதை திரும்பும். ஆளுக்கு நன்றி கெட்டுப்போச்சு என்பார்கள். என்னைக் கேட்டால், வேலையைச் செய்த வரிசைதான் தப்பு. காசு அந்த ஆப்புக்குப் போகும் வழியை முதலில் அடைக்க வேண்டும், அப்புறம் கிளினிக், கடன் அதற்கும் அப்புறம்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதைப் படியுங்கள். சூதாட்டப் பழக்கம் முற்றியவர்களிடம் தற்கொலை எண்ணம் அதிகம். பெரும்பாலும் கடன் வெளியே தெரியவரும் அந்த ஓரிரு நாட்கள்தான் மிக மோசமானவை. "நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், சும்மா மிரட்டுகிறார் என்று ஒதுக்காதீர்கள். நேராகவே கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியாக விடாதீர்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து எதுவும் வீட்டில் இருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள்.

உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, எந்த நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. வீட்டில் அடிதடி என்றால் தாலியான் காசே 15999. தமிழில் பேசுகிறவர் இருக்கிறாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றால் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்த காலம் முடிந்துவிட்டது. தண்டனைச் சட்டத்தின் அந்த 309-ஆம் பிரிவை 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

ஏக்கோர் வேறு, இது வேறு

நம் ஊரில் ஏக்கோர் என்கிற நான்கு இலக்க நம்பர் எடுப்பது புதிதா என்ன! கார் மோதிக் கிடந்தால் பிளேட் நம்பரைப் பார்ப்பவர்கள், கனவில் பாம்பு வந்தால் அதற்கும் ஒரு நம்பர் வைத்திருப்பவர்கள் நாம். அதனால்தான் பெரியவர்கள் பலர் "நாங்களும்தான் ஆடினோம், குடும்பம் நடத்தலையா?" என்று கேட்கிறார்கள். ஏக்கோர் ஆடிக் கெட்டவர்களும் உண்டு, அது தனிக் கதை. ஆனால் மேக்னம், தோத்தோ, டாமாச்சாய் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு, எப்போதாவது ஒரு செவ்வாய். சீட்டு வாங்கியவர் குலுக்கல் வரை காத்திருந்தே ஆக வேண்டும். கடையும் மூடும். அந்தக் காத்திருப்பில் சூடு கொஞ்சம் ஆறும்.

போனில் கடை மூடுவதே இல்லை. ஒரு சுழற்சி சில நொடிதான். எப்போது அடிக்கும் என்று தெரியாமல் எப்போதாவது பரிசு விழுவது, மனித மூளையை மிக இறுக்கமாகக் கட்டிப்போடும் ஏற்பாடு. இரண்டு ஏழு வந்து மூன்றாவது ஏழு ஒரு கட்டம் தள்ளி நிற்கிறதே, அது தோல்விதான். ஆனால் "இன்னும் கொஞ்சம்தான்" என்று உள்ளே ஒரு துடிப்பை உண்டாக்கும். 1 ரிங்கிட் போட்டு 40 சென் விழுந்தாலும் விளக்கு மின்னும், பாட்டு ஒலிக்கும். 60 சென் போனதை எந்தப் பாட்டும் சொல்லாது.

கணக்கைப் பாருங்கள். 96 விழுக்காடு திருப்பித் தரும் விளையாட்டு என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. 100 ரிங்கிட்டை ஒரு முறை முழுவதும் ஓட்டினால் சராசரியாக 96 மிஞ்சும். அதை மறுபடி ஓட்டினால் 92. பத்தாவது முறை முடியும்போது 66, இருபதாவது முறையில் 44. ஒரு சுழற்சிக்கு 1 ரிங்கிட், நிமிடத்துக்குப் பத்துச் சுழற்சி என்றால், அந்த 100 ரிங்கிட் 66 ஆக ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. நடுவில் 200, 300 என்று ஏறியதைத்தான் ஆள் ஞாபகம் வைத்திருப்பார். அதுவும் அந்த 96 என்ற எண் உண்மையாக இருந்தால். உரிமமில்லாத ஆப்பில் அதைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்?

வாட்ஸ்அப்பில் வரும் "ஃப்ரீ கிரெடிட்" இன்னும் மோசம். 50 போட்டால் 50 இலவசம், ஆனால் இருபது மடங்கு டர்ன்ஓவர் முடித்தால்தான் வெளியே எடுக்கலாம் என்பார்கள். அதாவது 100-ஐ வைத்து 2,000 ரிங்கிட்டுக்கு ஆட வேண்டும். 4 விழுக்காடு வீதம் சராசரி நட்டம் 80 ரிங்கிட். இலவசமாக வந்த 50 எங்கே போனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு நேரம் விழவில்லை, இனி விழுந்தே ஆகணும்" என்ற நினைப்புதான் விட்டதைப் பிடிக்க ஓட வைக்கிறது. 1913-இல் மொண்டே கார்லோ சூதாட்ட விடுதியில் ஒரு ராத்திரி ரூலெட் சக்கரத்தில் கறுப்பு 26 தடவை தொடர்ந்து விழுந்தது. இனி சிவப்புதான் என்று ஒவ்வொரு தடவையும் காசை ஏற்றி ஏற்றி வைத்தவர்கள் எல்லாரும் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சட்டப்படியான கேசினோ கெந்திங் ஒன்றுதான். போனில் வரும் இந்த சிலோட் ஆப்களுக்கு இங்கே உரிமம் இல்லை. 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டத்தைத்தான் இன்னும் பயன்படுத்துகிறார்கள். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 31-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே 5,000 ஜெயித்து, ஆட ஐடி கொடுத்த ஏஜென்ட் உங்களை பிளாக் செய்துவிட்டால், அந்தக் காசைக் கேட்க எந்தக் கோர்ட்டும் கிடையாது.

முதல் படி: கணக்கைப் பார்ப்பது

சண்டைக்கு முன்னால் பேங்க் கணக்கைப் பாருங்கள். ஆடுபவர் நீங்கள் என்றால் இப்போதே டச் அண்ட் கோ வாலட்டையோ பேங்க் ஆப்பையோ திறந்து மூன்று மாதப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போங்கள். அடையாளம் தெளிவாக இருக்கும். ராத்திரி 1.50-க்கு 10 ரிங்கிட். 1.58-க்கு 10. 2.07-க்கு 20. 2.11-க்கு 30. 2.20-க்கு 50. அப்புறம் 100. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் பெயருக்கு, முன்பின் தெரியாத பெயருக்கு. அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குகள். சம்பளம் விழுந்த இரண்டு மூன்று நாளைக்குள் இந்த வரிசை அடர்த்தியாகவும், மாதக் கடைசியில் வேறு யாரிடமிருந்தோ சின்னச் சின்னத் தொகை உள்ளே வருவதும் தெரியும். அவை கைமாற்று.

இதையெல்லாம் ஒரு தாளில் மாதவாரியாகக் கூட்டுங்கள். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கூட்டிய தொகையை அதற்குப் பக்கத்தில் எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பழக்கமா, நோயா என்று தெரிந்துகொள்ள இரண்டு கேள்வி உண்டு. போகப் போக அதிகக் காசு வைத்து ஆட வேண்டும் என்று தோன்றியதா? எவ்வளவு ஆடினீர்கள் என்பதை நெருங்கியவரிடம் மறைத்துப் பொய் சொன்னீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டிய நிலைதான். மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகள் பார்க்கிறார்கள். தொகையைக் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்தினால் எரிச்சல், நிறுத்தப் பார்த்தும் முடியாதது, எந்நேரமும் அதே நினைப்பு, மனசு சரியில்லாதபோது ஆடுவது, விட்டதைப் பிடிக்க ஓடுவது, பொய், வேலையும் உறவும் கெடுவது, கடைசியில் பிறர் காசை நம்பி நிற்பது. பன்னிரண்டு மாதத்துக்குள் இதில் நான்கு இருந்தால் அது சூதாட்டக் கோளாறு. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைக் குடி, போதைப் பொருள் இருக்கும் அதே பகுதியில் சேர்த்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. "மன தைரியம் இருந்தா விட்டுடலாம்" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பேசுவது

ஆடி முடித்த ராத்திரியில் பேசாதீர்கள். காலையில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு, மாமியார் காதில் விழாத இடமாகப் பார்த்துப் பேசுங்கள். மனைவி ஒருவர் இப்படித் தொடங்கலாம்:

"ஏங்க, பேங்க் கணக்கைப் பார்த்தேன். சண்டை போட வரல. மூணு மாசத்துல எவ்வளவு போயிருக்குன்னு கூட்டி வச்சிருக்கேன், பாருங்க. இதை நீங்க மட்டும் தனியா சமாளிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு நானும் வர்றேன்."

அம்மா மகனிடம் என்றால், "ஏய்யா, எவ்வளவு கடன்னு இன்னிக்கே முழுசா சொல்லு. திட்ட மாட்டேன். ஆனா அடைக்கவும் மாட்டேன், அதுக்கு வேற வழி பார்ப்போம்" என்று கேட்கலாம். "அடைக்க மாட்டேன்" என்று அப்போதே சொல்லிவிடுவது முக்கியம்.

முதல் தடவை சொல்லும் கடன் தொகை முழுத் தொகையாக இருக்காது. பாதிதான் வரும், அவமானம். அதற்காக வெடிக்காதீர்கள். மீதி அடுத்த வாரம் வரும்.

சத்தியம் வாங்குவது, கயிறு கட்டுவது, கோயிலில் வேண்டிக்கொள்வது எல்லாம் மனசுக்கு ஆறுதல் என்றால் செய்யுங்கள், நான் தடுக்க மாட்டேன். அன்றைக்கே அடுத்த படியையும் செய்துவிடுங்கள், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: காசையும் போனையும் பிரிப்பது

இதில்தான் அதிக வேலை. ஆடும் ஆசை ஒரு அலையாக வரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணிக்குள் காசு கிடைக்காதபடி செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாவற்றையும் அவர் சம்மதத்தோடுதான் செய்ய வேண்டும். போனைப் பிடுங்கி ஒளித்து வைத்தால் இன்னொரு போன் வரும்.

சம்பளத்தில் தொடங்குங்கள். சட்டப்படி மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். அந்த ஏழு நாளும் இவருக்குக் கண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் விழும் கணக்கிலிருந்து வீட்டு வாடகை, மின்சாரம், கார் தவணை, மளிகை எல்லாவற்றுக்குமான காசு அன்றைக்கே மனைவி அல்லது அம்மாவின் கணக்குக்குப் போகும்படி பேங்கில் நிரந்தர உத்தரவு கொடுத்துவிடலாம். கையில் வாரத்துக்கு ஒரு சின்னத் தொகை, ரொக்கமாக. பெட்ரோல், சாப்பாட்டுக்குப் போதும்.

பேங்க் ஆப்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கும். அதை அடிமட்டத்துக்குக் குறையுங்கள். இன்னும் நல்லது, பேங்குக்கு நேரில் போய் ஆன்லைன் வசதியையே நிறுத்தச் சொல்வது. கவுண்டரில் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மின்பணப்பைகளை மூடுங்கள், அதில் பேங்க் கார்டு சேமித்து வைத்திருந்தால் அதை நீக்குங்கள்.

போனில் செய்ய வேண்டியது: இந்த ஆப்கள் பெரும்பாலும் பிளே ஸ்டோரில் கிடைக்காது. ஏஜென்ட் அனுப்பும் லிங்க் வழியாக இறங்கும். ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்கில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்ற அனுமதி ஒவ்வொரு ஆப்புக்கும் தனியாக இருக்கும். வாட்ஸ்அப், டெலிகிராம், குரோம் மூன்றுக்கும் அதை அணைத்துவிடுங்கள். சூதாட்டத் தளங்களை மறிக்கும் பெட்பிளாக்கர் என்ற ஆப் இலவசம். ஆனால் புதுப் புதுப் பெயரில் முளைக்கும் தளம் எல்லாவற்றையும் அது பிடிக்காது. தொடர்புத் துறை ஆணையமான எம்சிஎம்சி ஒன்றை மூடினால் இன்னொன்று வருகிறதே, அதே கதைதான். ஏஜென்ட் நம்பர்களையும் குழுக்களையும் பிளாக் செய்யுங்கள். முடிந்தால் போன் நம்பரையே மாற்றிவிடுங்கள். தீபாவளி வந்தால் "சிறப்பு போனஸ்" என்று வரும் மெசேஜ் மழையிலிருந்து தப்பிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஏஜென்ட் பெரும்பாலும் நம் லயத்துப் பையனாகவே இருப்பான், அதுதான் கொடுமை. அவனிடம் முகத்துக்கு நேராக "இனி எனக்கு ஐடி கொடுக்காதே" என்று சொல்ல வேண்டியிருக்கும். கூடப் போய் நில்லுங்கள்.

ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதியை மறந்துவிடாதீர்கள். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழானவர்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று வந்தது. மாதச் சேமிப்பில் 10 விழுக்காடு அதில் போகும். 50 ரிங்கிட் இருந்தாலே எப்போது வேண்டுமானாலும் போன் வழியாக எடுக்கலாம். அவசரத்துக்கு உதவட்டும் என்று வந்தது, ஆடுபவருக்கு அது இன்னொரு டாப் அப். அந்த ஆப்பின் கடவுச்சொல்லை வேறொருவர் மாற்றி வைத்திருப்பது பற்றிப் பேசி முடிவெடுங்கள்.

இன்னொன்று. ஏடிஎம் கார்டையும் கணக்கையும் மாதம் சில நூறு ரிங்கிட்டுக்கு வாடகைக்குக் கேட்பார்கள். கடனில் இருப்பவர் யோசிக்காமல் கொடுத்துவிடுவார். அதுதான் "அக்காவுன் கெல்டாய்". மோசடிக் காசு அந்தக் கணக்கில் ஓடினால் போலீஸ் தேடி வருவது கணக்குக்காரரைத்தான். 2024-இல் இதற்கென்றே தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டிருந்தால் உடனே பேங்கில் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டுப் போலீசிலும் சொல்லுங்கள்.

நான்காம் படி: கிளினிக்

நேராக மனநல நிபுணரைத் தேட வேண்டாம். பக்கத்து அரசாங்க கிளினிக்கே தொடக்கம். குடியுரிமை உள்ளவருக்குக் கட்டணம் 1 ரிங்கிட். கூட்டத்தின் நடுவே கவுண்டரில் "சூதாட்டம்" என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "சாயா மாவ் ஜும்பா டாக்டர், தாக் போலே திடோர், அடா தெக்கானான்" என்று சொல்லுங்கள். தூக்கமில்லை, மன அழுத்தம் என்பது பொய்யும் இல்லையே. உள்ளே டாக்டரிடம் மட்டும் நேராக: "சாயா கெதாகிஹான் ஜூடி ஆன்லைன், தாக் போலே பெர்ஹெந்தி." ஆன்லைன் சூதாட்டத்துக்கு அடிமையாகிவிட்டேன், நிறுத்த முடியவில்லை என்று அர்த்தம். மலாய் சரளமாக வராதவர் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கலாம்.

ஐசி (அடையாள அட்டை), முதல் படியில் கூட்டிய தாள், இப்போது சாப்பிடும் மருந்துகள், கூட ஒரு ஆள். இது போதும். மருந்தைக் கொண்டுபோகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பார்கின்சன் நோய்க்கும் கால் குடைச்சலுக்கும் கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல், மனநோய்க்குக் கொடுக்கும் அரிபிபிரசோல் போன்றவை சிலருக்குச் சூதாடும் வேகத்தைத் தூண்டிவிடும். வயதான அப்பா திடீரென்று போனில் ஆடத் தொடங்கியிருந்தால் இதை அவசியம் கேளுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

டாக்டர் சில கேள்விகள் கேட்பார், ஒரு படிவம் நிரப்பச் சொல்வார். மனச்சோர்வு இருக்கிறதா, குடி இருக்கிறதா, சாகும் எண்ணம் இருக்கிறதா என்று பார்ப்பார். குடியும் சூதாட்டமும் சேர்ந்து இருந்தால் ஒன்றை மறைத்து ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். சூதாடினேன் என்று சொன்னால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். நோயாளி சொல்வதை ரகசியமாகக் காப்பது டாக்டரின் கடமை. சிகிச்சைக்கு வந்தவரைப் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை இல்லை.

அங்கிருந்து தேவைப்பட்டால் ரெஃபரல் கடிதம். நம் பக்கத்துக்கு ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் மனநலப் பிரிவு, அல்லது உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பல ஊர்களில் மெந்தாரி என்ற சமூக மனநல மையமும் இருக்கிறது. நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். பஹாகியா என்றதும் முகம் மாறும், தெரியும். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவோம்" என்று சின்ன வயதில் மிரட்டி வளர்க்கப்பட்டவர்கள்தானே நாம். 1911-இல் தொடங்கிய மருத்துவமனை அது. சூதாட்டத்துக்காகப் போகிறவர் பெரும்பாலும் காலையில் போய் டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவார். அனுமதிப்பது உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரி நிலையில்தான்.

அங்கே என்ன சிகிச்சை?

ஊசி போட்டு விட வைப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை கிடையாது. நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்து சிலருக்கு ஆசையின் வேகத்தைக் குறைக்கிறது, டாக்டர் தேவை பார்த்துக் கொடுக்கலாம். மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தனியாக மருந்து தருவார்கள்.

அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை பேச்சுதான். சிபிடி என்பார்கள், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் பயிற்சி. கவுன்சலர் ஒரு நோட்டு வைக்கச் சொல்வார். எப்போது ஆசை வந்தது, எங்கே இருந்தீர்கள், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அப்போது மனசில் ஓடியது என்ன, என்ன செய்தீர்கள். உதாரணத்துக்குப் பால்மரம் வெட்டுகிறவர் நோட்டில் இப்படி இருக்கலாம்: "காலை ஆறு மணி. மழை. வெட்டு இல்லை. இன்றைய கூலி போச்சு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். 20 போட்டால் ஒரு நாள் கூலியை எடுத்துவிடலாம் என்று தோன்றியது." நான்கு வாரம் எழுதினால் தெரிந்துவிடும், இவருக்குக் கண்டம் மழை நாள். இன்னொருவருக்கு மச்சானோடு சண்டை, இன்னொருவருக்குக் குலை வெட்டிக் களைத்து வந்து தூக்கம் வராத ராத்திரி. கண்டுபிடித்ததும் அந்த நேரத்துக்கு வேறு வேலை வைப்பார்கள், "ஒரு நாள் கூலியை எடுத்துவிடலாம்" என்ற எண்ணத்தைக் கணக்கு வைத்து உடைக்கச் சொல்லித் தருவார்கள். வாரம் ஒரு தடவை, பல வாரங்கள்.

நிறுத்திய முதல் வாரங்களில் எரிச்சல், தூக்கமின்மை, கை பரபரப்பு வரும். வீட்டில் இருப்பவர்கள் இதை எதிர்பார்த்து இருங்கள். மறுபடி ஆடுகிறாரோ என்ற சந்தேகம் வரும், பெரும்பாலும் இது நிறுத்தியதன் விளைவுதான்.

1957-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் என்ற குழுவும் உண்டு. பழக்கத்தை விட்டவர்களும் விட முயல்கிறவர்களும் பெயர் சொல்லாமல் பேசும் கூட்டம். இணையம் வழியாகவும் நடத்துகிறார்கள், ஆங்கிலம் தெரிந்த இளைஞர்களுக்கு உதவும்.

ஐந்தாம் படி: கடன்

இப்போதுதான் கடன். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். பேங்க், கூட்டுறவுக் கடன், அடகுச் சீட்டு, அக்கம்பக்கத்துக் கைமாற்று, ஆலோங் என்கிற உரிமமில்லாத வட்டிக்காரர். அடகுச் சீட்டுகளின் தேதியைப் பாருங்கள். பொதுவாக ஆறு மாதம்தான், தாலிச் சங்கிலி ஏலம் போய்விடக் கூடாது.

பேங்க் கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. 2006-இல் பேங்க் நெகாரா அமைத்தது, ஒரு சென் கட்டணம் கிடையாது, எண் 03-2616 7766. பல பேங்குகளின் தவணையை ஒன்றாக்கிக் கட்டக்கூடிய தொகையாகப் பேசி முடித்துத் தருவார்கள். "ஏகேபிகேயில் முடித்துத் தர்றோம்" என்று காசு கேட்கும் இடைத்தரகர் யாரும் வேண்டாம். ஆலோங் கடன் அவர்கள் வேலை இல்லை.

ஆலோங் விஷயத்தில் முதல் விதி, ஓர் ஆலோங்கை அடைக்க இன்னொருவரிடம் போகாதீர்கள். உரிமம் பெற்ற வட்டிக்கடை, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. 1,000-க்கு வருடத்துக்கு 180. வாரத்துக்கு 100 வட்டி என்று கேட்பவருக்கு வருடத்தில் 5,200 போகும், அசல் அப்படியே நிற்கும். மிரட்டல் மெசேஜ், கதவில் ஊற்றிய சாயத்தின் படம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் போலீசில் புகார் கொடுங்கள். கடன் வாங்கியவர் புகார் கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. தனியாகப் போகாமல் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். "கடன் தர்றோம், முதலில் முன்பணம் கட்டு" என்றவருக்குக் காசு அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே பண மோசடிப் புகாருக்கான 997-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை மறிக்க வாய்ப்பு.

உறவினர் உதவ முன்வந்தால், காசை ஆடுபவர் கையில் கொடுக்க வேண்டாம். மளிகைக் கடைக்கோ பள்ளி பஸ்ஸுக்கோ மின்சாரத்துக்கோ நேராகக் கட்டட்டும். முழுக் கடனையும் ஒரே நாளில் துடைத்துவிடுவது வேண்டவே வேண்டாம். கடன் போன மறுநாள், மறுபடி கடன் வாங்க அவர் பெயர் சுத்தமாகிவிடும். அவரே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டும் திட்டம்தான் நிற்கும்.

மறுபடி ஆடிவிட்டால்

ஆடிவிடுவார், பலருக்கு இது நடக்கிறது. "30 போட்டாச்சு, எல்லாம் போச்சு, மீதியையும் போடு" என்று போவதைத்தான் தடுக்க வேண்டும். அந்த ராத்திரியே செய்ய வேண்டியது: போனை இன்னொருவர் கையில் கொடுங்கள், நடந்ததை அவரிடம் சொல்லுங்கள், தூங்குங்கள். காலையில் பாருங்கள், காசு எந்த ஓட்டை வழியாகப் போனது? மறந்துபோன பழைய வாலட்டா, நண்பனின் கணக்கா, ஈபிஎஃப்-ஆ? அதை அன்றைக்கே அடையுங்கள். நோட்டில் தேதி, தொகை, அதற்கு முன்னால் நடந்தது மூன்றையும் எழுதுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட வீட்டாரும் பழைய பட்டியல் எதையும் அப்போது திறக்க வேண்டாம். அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் மூன்று வாரம் தள்ளி இருந்தால் கிளினிக்குக்குப் போன் செய்து முன்னால் கேளுங்கள். வெட்கப்பட்டு அதைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம், ஆகவே கூட ஒருவர் போய்ப் பதிவுக் கவுண்டர் வரை விட்டுவிட்டு வாருங்கள்.